கூரை வேலையும் வீட்டுக்காரர் கடமையும்



ஒரு வீட்டின் உறுப்புகளுள் நாம் மிகக் குறைவாகப் பார்ப்பது கூரையே ஆகும். சுவருக்கு வெள்ளை பூசுகின்றோம். நிலத்தைக் கூட்டிக் கழுவுகின்றோம். கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் இடுகின்றோம். கூரையையோ அது ஒழுகும்போதுதான் அண்ணாந்து பார்க்கின்றோம். வடக்கிலும் கிழக்கிலும் அந்த நாள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதத்து மழை நாளாகவே இருக்கும். அப்பொழுது செய்யத்தக்கது ஒழுக்கின் கீழே வாளி வைப்பதன்றி வேறில்லை.

நம் முன்னோர் நிலை இவ்வாறிருக்கவில்லை. பனையோலையாலும் கிடுகாலும் வேய்ந்த வீடுகளில் அவர்கள் வாழ்ந்தனர். ஆண்டுக்கொரு முறையோ இரண்டாண்டுக்கொரு முறையோ பழைய ஓலையைக் களைந்து புதிது வேய்ந்தனர். அயலவர் கூடினர், ஒருவர் ஓலை எடுத்துக் கொடுக்க, ஒருவர் கட்ட, ஒருவர் கைமரத்தைத் தட்டிப் பார்க்க, வேலை ஒரு பகலில் முடிந்தது. எந்த மரம் உளுத்தது, எந்தச் சிலாகை தளர்ந்தது என்பதை வீட்டுப் பிள்ளைகளும் அறிந்திருந்தனர். ஓடு வந்த பின்னர் நிலைமை மாறிற்று. ஓட்டுக்கூரை ஒரு தலைமுறைக்கு ஒரு முறையே திறக்கப்படுகின்றது. ஆகவே அதைத் திறந்து மூடும் வேலையை ஒருவரிடம் ஒப்படைக்கும் வீட்டுக்காரர், முன் அனுபவம் எதுவுமின்றியே அக்காரியத்தில் இறங்குகின்றார். பல ஆண்டுச் சேமிப்பை அதிலே செலவிடுகின்றார். வேலை நடக்கும் சில நாட்களுக்கு அவர் குடும்பம் வானத்தின் கீழே இருக்கின்றது. இத்தகைய வேளையில் என்ன நடக்கும், எந்த ஒழுங்கில் நடக்கும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் பெருந்துணையாகும்.

சொல்ல வந்ததன் சாரத்தை முதலிலேயே கூறிவிடுகின்றேன். கூரையின் நன்மையும் தீமையும் பெரும்பாலும் ஓட்டின் அடியிலே மறைந்து கிடப்பவை. ஓடு பரப்பிய பின் அவற்றை எவரும் காண முடியாது. ஆதலின், மூடுமுன் காண வேண்டியதைக் காண்பதும், பேசுமுன் தீர்க்க வேண்டியதைத் தீர்ப்பதுமே வீட்டுக்காரர் கடமை. மற்றவை தொழிலாளரின் கைவண்ணம்.

முதலாவது, காலம். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிலே பெய்கின்றது. ஆகவே தைப்பொங்கல் கழிந்து மழை ஓய்ந்த பின் வேலையைத் தொடங்குவது நன்று. ஆனி, ஆடியில் யாழ்ப்பாணத்திலே சோளகக் காற்று வலுத்து வீசும். தகரம் போன்ற பாரமற்ற தகடுகளைத் தூக்கிப் பொருத்த அது ஏற்ற காலமன்று. மலைநாட்டின் மேற்குச் சரிவில் வாழ்வோருக்குக் கணக்கு வேறு; அங்கே வைகாசி முதல் தென்மேல் பருவமழை பெய்யுமாதலால், தை, மாசி, பங்குனி மாதங்களிலேயே வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். மழைக்கு ஒரு மாதம் முன்னதாகவேனும் வேலை முடியும்படி நாள் குறித்தல் வேண்டும். மழை நெருங்க நெருங்கத் தொழிலாளரைத் தேடுவோர் பெருகுவர். அவசரமும் கூலியும் கூடவே பெருகும்.

இரண்டாவது, மதிப்பீடு. தொழிலாளர் வந்து முற்றத்தில் நின்றபடியே கூரையைப் பார்த்து ஒரு தொகை சொன்னால், அதை மதிப்பீடு என்று கொள்ளலாகாது. அவர் ஏணி வைத்து ஏற வேண்டும். இரண்டு மூன்று இடங்களில் ஓட்டைக் கழற்றிச் சிலாகையையும் கைமரத்தையும் பார்க்க வேண்டும். உள்ளே நின்று ஒழுக்கின் கறை எங்கே தொடங்குகிறது என்பதை நோக்க வேண்டும். நீர் ஓரிடத்தில் நுழைந்து, மரத்தின் வழியே ஊர்ந்து, வேறோரிடத்திற் சொட்டும் இயல்புடையது. இதை அறிந்தவர் ஒழுக்கைக் கண்ட இடத்திலேயே ஓட்டை மாற்றிவிட்டுப் போகமாட்டார். இயலுமாயின் இருவரிடமோ மூவரிடமோ மதிப்பீடு பெறுக. மிகக் குறைந்த தொகை சொன்னவரிடம், எதை விட்டுவிட்டதால் அத்தொகை குறைந்தது என்று கேட்டறிக.

அளவுக் கணக்கிலும் வீட்டுக்காரர் சிறிது கருத்தூன்ற வேண்டும். வீட்டின் தரைப்பரப்பும் கூரைப்பரப்பும் ஒன்றல்ல. கூரை சரிந்திருப்பதால் அதன் பரப்பு பெரிது. முப்பது பாகைச் சரிவுடைய கூரை, 1,000 சதுர அடி நிலத்தை மூட வேண்டுமாயின், அதன் சரிவுப் பரப்பு ஏறத்தாழ 1,155 சதுர அடி ஆகும். தாவாரம் வெளியே நீள்வதற்கும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கள்ளிக்கோட்டை ஓடு நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 140 பிடிக்கும். ஆகவே இத்தகைய கூரைக்குச் சற்றேறக்குறைய 1,620 ஓடு தேவைப்படும். உடைவுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 1,700 ஆகும். ஓர் ஓட்டின் நிறை இரண்டரை முதல் மூன்று கிலோகிராம். கூரை முழுவதும் நான்கு தொன்னுக்கு மேற்பட்ட பாரத்தைச் சுமக்கின்றது என்பது இதனாற் புலனாகும். மழை நாளில் ஓடு நீரை உறிஞ்சுவதால் அப்பாரம் இன்னும் கூடும். மரத்தைப் பற்றி நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

ஓட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் கள்ளிக்கோட்டை ஓடு என்று வழங்கும் இவ்வகை ஓடு, 1865ஆம் ஆண்டிலே மங்களூரில் பாசல் மிஷன் சபையார் நிறுவிய தொழிற்சாலையோடு நம் பக்கத்து நாடுகளிற் பரவத் தொடங்கிற்று. ஓர் ஓட்டின் விளிம்பு மற்றோர் ஓட்டின் பள்ளத்திற் பொருந்திக் கவ்வும்படி அமைந்ததே அதன் சிறப்பு. இன்று நம் நாட்டிலேயே வைக்கால், தங்கொட்டுவைப் பகுதிகளில் ஓடு செய்கின்றனர். ஆயினும் ஒரு தொழிற்சாலையின் ஓடு மற்றொன்றின் ஓட்டோடு அச்சொட்டாகப் பொருந்துவதில்லை. வேண்டிய ஓடு முழுவதையும் ஓரிடத்திலேயே ஒரே முறையில் வாங்குதல் நன்று. விரல் மூட்டினால் தட்டும்போது மணி போல ஒலிப்பது நன்கு வெந்த ஓடு. மந்தமாக ஒலிப்பது வேகாததோ, வெடித்ததோ ஆகும்.

மூன்றாவது, பேச்சு. கூலி இருவகைப்படும். நாட்கூலிக்கு அமர்த்தினால் வேலை நீளும் நட்டம் வீட்டுக்காரருடையது. கொந்தராத்தாகக் கொடுத்தால் வேலை விரையும் நட்டமும் அவருடையதே. முன்னதில் நாட்களை எண்ண வேண்டும். பின்னதில் தரத்தை நோக்க வேண்டும். எதுவாயினும் பேசியதை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுதல் முறை. "தெரிந்த மனிதர், எழுத்து எதற்கு?" என்பார் உளர். தெரிந்தவரோடு உள்ள உறவு கெடாதிருப்பதற்கே எழுத்து வேண்டும். அத்தாளில் இருக்க வேண்டியவை பல அல்ல. பழைய ஓட்டை இறக்கி அடுக்குவது யார்? உடைந்ததை அப்புறப்படுத்துவது யார்? ஆணி, கம்பி, சீமெந்து, மரம் யார் பொறுப்பு? சாரத்துக்கு வேண்டிய மரம் எவருடையது? தேநீரும் பகலுணவும் வீட்டாருடையனவா? எந்நாள் தொடங்கி எந்நாள் முடியும்? மழை பெய்து நின்றுபோன நாளுக்குக் கணக்கென்ன? இவற்றுக்கு விடை எழுதப்பட்டிருந்தாற் போதும்.

பணத்தை முழுவதும் முன்னே கொடுப்பதும் தவறு. வேலை முடியும்வரை ஒன்றும் கொடாதிருப்பதும் தவறு. தொழிலாளரும் அன்றன்று உலையேற்ற வேண்டியவர்களே. தொடங்கும்போது ஒரு பங்கு, மரவேலை முடிந்ததும் ஒரு பங்கு, ஓடு பரப்பியதும் ஒரு பங்கு, எஞ்சிய சிறு பங்கு ஒரு நல்ல மழை பெய்து பார்த்த பின் என்று வகுத்துக்கொள்வது இரு சாராருக்கும் நியாயமானது. ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்க.

இனி, வேலைக்கு முந்திய நாள். பழைய ஓட்டை அசைத்த மாத்திரத்தே பல ஆண்டுத் தூசியும் கரியும் கீழே கொட்டும். அறைகளிலுள்ள புத்தகம், உடுப்பு, உறுதிப் பத்திரம் முதலியவற்றை வேறிடம் சேர்த்துவிடுக. அசைக்க முடியாத அலுமாரி, கட்டில்களை மூடி வைக்குக. கூரையை ஒட்டி ஓடும் மின்கம்பிகளின் மின்னை, அவ்வேலை அறிந்த ஒருவரைக் கொண்டு துண்டிக்கச் செய்க. முற்றத்துக் கிணற்றை மூடுக. இதைப் பலர் மறந்துவிடுகின்றனர், பின்னர் ஓட்டுத் துண்டும் ஆணியும் கிணற்றினுள் விழுந்த பின்பே நினைக்கின்றனர். அயல் வீட்டாருக்கும் அறிவித்துவிடுக. பெரிய தறப்பாள் ஒன்றைத் தயாராக வைத்திருத்தல் இன்றியமையாதது.

வேலை தொடங்கும் நாளில் ஓடு இறக்கப்படும். வீடு முழுவதையும் ஒரே நாளில் திறந்துவிடாது, பகுதி பகுதியாகத் திறந்து மூடும்படி கேட்டுக்கொள்க. மாலையில் வேலையாட்கள் போகுமுன் திறந்த பகுதி தறப்பாளால் மூடப்பட்டதா என்று பார்க்க. இறக்கிய ஓட்டை வெறுநிலத்திற் குவிக்காது, விளிம்பில் நிறுத்தி வரிசையாக அடுக்கினால் உடைவு குறையும்.

அடுத்து வரும் ஓரிரு நாட்களே இவ்வேலை முழுவதிலும் முதன்மையானவை. இப்போதுதான் மரம் வெளிப்படுகின்றது. முகட்டு வளை, சுவர்மேல் நெடுகக் கிடக்கும் வளை, கைமரம், சிலாகை ஆகிய நான்கையும் நன்றாகப் பார்க்கலாம். பெரிய ஆணியொன்றினால் மரத்தைக் குத்திப் பார்க்க. வைரமுள்ள மரம் ஆணியை ஏற்காது. உளுத்தது பஞ்சு போல உள்வாங்கும். சுவரிற் புதைந்த முனைகளையும் தாவாரத்து ஓரங்களையும் விசேடமாக நோக்குக. கறையானும் ஈரமும் முதலிற் சேர்வது அவ்விடங்களிலேதான். மேலதிகச் செலவு தோன்றுவதும் இந்த வேளையிலேயே. "ஐந்து கைமரம் மாற்ற வேண்டும்" என்று தொழிலாளர் சொன்னால் உடனே ஐயுறவும் வேண்டாம். பாராமல் ஒப்பவும் வேண்டாம். அந்த ஐந்தையும் காட்டச் சொல்லிக் கண்ணாற் பார்க்க. ஒரு மரம் மாற்ற என்ன கூலி என்பதை முன்னரே அத்தாளில் எழுதியிருந்தால் இங்கே சச்சரவுக்கு இடமிராது. புதுமரத்துக்காகத் தம் வளவிலுள்ள மரத்தைத் தறிக்க எண்ணுவோர், பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை உத்தரவுப் பத்திரமின்றித் தறிப்பதை 1951ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது என்பதை நினைவிற் கொள்வார்களாக.

மரத்தைச் சுவரோடு பிணைப்பதும் இப்போதே நடைபெற வேண்டும். காற்று கூரையை அழுத்துகின்றது என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் கடுங்காற்று கூரையின் மேலாக விரைந்து செல்லும்போது அதை மேல்நோக்கி இழுக்கின்றது. தாவாரத்தையும் மூலைகளையும் முகட்டையும் முதலிற் பெயர்க்கின்றது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பு மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுவர்மேற் கிடக்கும் வளை, சுவரினுள் இறங்கிய கம்பியாலோ திருகாணியாலோ பிணைக்கப்பட்டதா, கைமரம் அவ்வளையோடு இறுகப் பூட்டப்பட்டதா என்று கேட்டுப் பார்க்க. தாவாரத்து முதல் வரிசை ஓட்டையும் ஓரத்து ஓட்டையும் கம்பியாற் கட்டுவதற்குச் சிறு தொகையே செல்லும்.

சிலாகை அறைவதிலும் ஒரு நுட்பமுண்டு. சிலாகைக்கும் சிலாகைக்கும் உள்ள இடைவெளியை, வாங்கிய ஓட்டையே வைத்துப் பார்த்து வகுக்க வேண்டும். நான் முன்னொரு காலத்திற் கடமையாற்றிய பாடசாலையொன்றிலே நீண்ட மண்டபத்துக்கு ஓடு மாற்றினர். கொந்தராத்துக்காரர் வழக்கமான அளவொன்றை நாடாவினாற் குறித்துச் சிலாகை முழுவதையும் அறைந்துவிட்டார். வந்திறங்கிய ஓடோ வேறு தொழிற்சாலையினது. ஒவ்வோர் ஓட்டிலும் அரை விரல் அளவுக் குறை. முகட்டை அடையும்போது ஒரு சாண் வெளி. அதைச் சீமெந்தால் அடைத்துவிட்டுப் போயினர். அடுத்த மாரியிலே மாணவர் வாங்குகளை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு படிக்க நேர்ந்தது. இரண்டு வரிசை ஓட்டைத் தற்காலிகமாக அடுக்கிப் பார்த்திருந்தால் போதும்; அதற்கு ஒரு நாழிகையும் ஆகாது.

மரவேலை நிறைவுற்றதும் முகட்டிலிருந்து தாவாரம்வரை ஒரு நூல் பிடித்துப் பார்க்க. நூலுக்கும் மரத்துக்கும் இடையே தெரியும் பள்ளமே பின்னர் நீர் தங்கும் இடமாகும். இப்பார்வை முடிந்த பின்பே ஓட்டை மேலேற்ற உடன்படுக.

ஓடு தாவாரத்திலிருந்து தொடங்கி முகடு நோக்கிப் பரப்பப்படும். இரு சரிவிலும் பாரம் ஒக்க ஏறும்படி மாறி மாறிப் பரப்புதல் முறை. இரண்டு கூரை கூடும் பள்ளத்திலே தகடு பதிப்பர். அத்தகடு போதிய அகலமுடையதாய், இரு புறமும் ஓட்டின் அடியில் நன்றாக உட்புகுந்திருத்தல் வேண்டும். ஒழுக்குகளிற் பல இப்பள்ளத்திலும், சுவரோடு கூரை பொருந்தும் இடத்திலுமே உண்டாகின்றன. முகட்டோட்டைச் சீமெந்துக் கலவையிற் பதித்த பின் சில நாள் நனைத்துவர வேண்டும். நனையாத கலவை வெடித்து அடுத்த மழைக்கே வழிவிடும்.

பழைய கூரை அஸ்பெஸ்டஸ் தகடாயின் வேறொரு எச்சரிக்கை உண்டு. எல்லாவகை அஸ்பெஸ்டசும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வகுத்துள்ளது. தகடு சும்மா கிடக்கும்போது அபாயம் குறைவு. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் எழும் நுண்ணிய இழைகளே மூச்சோடு சென்று நுரையீரலிற் தங்கி, பல்லாண்டு கழித்து நோயாக வெளிப்படுகின்றன. ஆகவே தகட்டை நீரால் நனைத்து, உடையாமல் முழுமையாகக் கழற்றி இறக்க வேண்டும். வேலை செய்வோர் நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி அணிதல் வேண்டும். துணியை மூக்கிற் கட்டுவது போதாது. சிறுவரை அருகில் விடலாகாது. உடைந்த துண்டுகளை ஒழுங்கையிற் பரப்புவதோ கோழிக்கூட்டுக்கு எடுப்பதோ வேண்டா. பழைய தகட்டின்மேற் காலூன்றினால் அது திடீரென முறியும். பலகை போட்டே நடக்க வேண்டும்.

தொழிலாளரின் உயிரைப் பற்றி ஒன்று கூறாது விடுவதற்கில்லை. ஏணி நான்கடி உயர்ந்தால் அதன் அடி சுவரிலிருந்து ஓரடி விலகியிருக்க வேண்டும். தலைப்பைக் கட்டி வைக்க வேண்டும். நனைந்த ஓட்டில் ஏறும்படி எவரையும் அவசரப்படுத்தலாகாது. "இன்று எப்படியாவது முடித்துவிடுங்கள்" என்று வீட்டுக்காரர் சொல்லும் ஒரு சொல், மாலை மங்கலில் ஒருவர் கால் தவறக் காரணமாகிவிடும். ஒரு நாள் பிந்திய கூரையால் ஒரு குடும்பமும் அழிவதில்லை.

வேலை முடிந்தது என்று சொல்லப்பட்டதும், பகலிலே கதவு சாளரங்களை அடைத்து உள்ளே நின்று அண்ணாந்து பார்க்க. ஓட்டின் பொருத்துக்களில் மெல்லிய வெளிச்சம் தெரிவது இயல்பு. வானமே தெரியுமாயின் அது குறை. நீர்க்குழாய் வசதியுள்ளோர், தாவாரத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாக மேல்நோக்கி நீர் பாய்ச்சி, உள்ளே ஒருவரை நிறுத்திப் பார்க்கலாம். மேலிருந்து தொடங்கினால் ஒழுகும் இடம் எதுவென்று அறிதல் அரிது. புது ஓட்டின் அடிப்புறம் முதல் மழையில் ஈரம் கசிந்து கருமை காட்டுவதுண்டு. நாளடைவில் அது குறைந்துவிடும். சொட்டாக விழுவதே ஒழுக்கு. இவ்விரண்டையும் வேறு பிரித்து அறியாதார் தொழிலாளர்மேல் வீண்பழி சுமத்துவர்.

முற்றத்திற் சிதறிய ஆணிகளைப் பொறுக்கச் செய்து, பீலியில் விழுந்த கலவைக் கட்டிகளை அகற்றச் செய்து, எஞ்சிய ஓட்டில் ஐம்பதையேனும் வளவின் ஒரு மூலையில் அடுக்கி வைக்குக. பத்தாண்டு கழித்து ஒரு தேங்காய் விழுந்து ஓர் ஓடு உடைந்தால், அதே அச்சு ஓடு கடையிற் கிடைப்பது அரிது. ஒரு மழை பார்த்த பின் எஞ்சிய பங்கைத் தாமதமின்றிக் கொடுத்துவிடுக. கூலியை இழுத்தடிக்கும் வீட்டுக்கு நல்ல தொழிலாளர் மறுமுறை வருவதில்லை.

அதன் பின்னர் ஆண்டுதோறும் ஆவணி மாதத்தில் ஒரு முறை கூரையைப் பார்ப்பது வழக்கமாகட்டும். அசைந்த ஓட்டைச் சரிப்படுத்தி, பீலியிற் சேர்ந்த சருகை அகற்றினாற் போதும். ஓலை வேய்ந்த நாளில் வீடுதோறும் இருந்த அவ்வறிவு ஓட்டு வீட்டிலும் நிலைக்குமாயின், மாரி வரும்போது நாம் அஞ்ச வேண்டியதில்லை.